டைகர் ஆலோ இலை சுருங்கிக்கிட்டே போகுது, தண்ணி பத்தலையா? கொஞ்சம் சொல்லுங்க

வேளச்சேரி_பால்கனி:
வணக்கம். நர்சரில டைகர் ஆலோன்னு ஒரு கத்தாழை வகை வாங்கினேன், அதான் மூணு வரிசையா அடுக்கடுக்கா இலை வந்து பச்சைல வெள்ளைப் பட்டை போட்டிருக்குமே அது. மழை ஆரம்பிச்சதுலேர்ந்து இலையெல்லாம் சுருங்குது, தாகம் போலன்னு தண்ணி ஊத்துறேன், ஊத்த ஊத்த இன்னும் சுருங்குது. இப்ப அடி இலை ரெண்டு மஞ்சளாகி தொட்டா சொதசொதன்னு கையோட வருது. செராமிக் தொட்டி, ஓட்டை கிடையாது, ஆனா அடில ஜல்லி போட்டுத்தான் வச்சேன். மண்ணு நர்சரில வந்த அதே கோகோபீட் (தேங்கா நார்த்தூள்). பக்கத்துலயே பெயிண்ட் டப்பால சோத்துக்கத்தாழை ஜம்முனு நிக்குது, அதான் ஒன்னும் புரியல.

கீரைக்கட்டு:
சத்து பத்தலங்க. மண்புழு உரம் ரெண்டு கைப்பிடி போட்டு மீன் அமிலம் தெளிங்க, கெளம்பிடும்.

கள்ளிப்பித்தன்_கோவை:
உரமெல்லாம் இப்போ வேண்டவே வேணாமுங்க, வேரே இருக்கான்னு தெரியல, இதுல உரம் யாருக்கு. மண்ணு காஞ்சிருந்து இலை சுருங்குனா தாகம். மண்ணு ஈரமா இருக்கறப்பவே சுருங்குனா வேர் அழுகிப்போச்சு, தண்ணி உறிஞ்ச ஆளில்லைன்னு அர்த்தம். செடிய இப்பவே வெளிய எடுத்து வேரைப் பாருங்க. நல்ல வேர் கெட்டியா இருக்கும், அழுகுனத இழுத்தா தோல் உருவிக்கிட்டு நடுவுல நூலாட்டம் ஒரு நரம்பு மட்டும் நிக்கும். அப்புறம் அந்த ஜல்லி, எல்லாரும் பண்றதுதான், ஆனா புண்ணியமில்லீங்க. கோகோபீட் தண்ணிய புடிச்சு வச்சுக்கும், ஜல்லிக்கு சுலபத்துல விடாது, விட்டாலும் ஓட்டையில்லாத தொட்டில அது எங்க போகும்? உங்க பெயிண்ட் டப்பால ஓட்டை போட்டிருப்பீங்க பாருங்க.

வேளச்சேரி_பால்கனி:
ஆமா, டப்பால ஆணி வச்சு ஓட்டை போட்டிருக்கு 😅 எடுத்துப் பாத்தேன், வேர் எல்லாம் அப்படியே உருவிக்கிட்டு வந்துடுச்சு. தண்டு அடில பழுப்பா இருக்கு. இலை இடுக்குல பஞ்சு மாதிரி வெள்ளையா வேற இருக்கு, பூஞ்சையா? பக்கத்துல குட்டி ஒன்னு இருக்கு, அது கெட்டியாதான் இருக்கு.

கள்ளிப்பித்தன்_கோவை:
குட்டிய முதல்ல பிரிச்சுடுங்க, அதுக்குன்னு ஒரு வேராவது இருந்தா பொழச்சுக்கும். தாய்ச்செடிக்கு, பிளேடை ஸ்பிரிட்ல தொடச்சுட்டு தண்ட கொஞ்சம் கொஞ்சமா மேல நோக்கி வெட்டிட்டே வாங்க, வெட்டுன எடத்துல பழுப்புப் புள்ளி ஒன்னுகூட தெரியாம வெளிறுன பச்சையா வர்ற வரைக்கும், ஒவ்வொரு வெட்டுக்கும் மறுபடி தொடைக்கணும். மஞ்சத்தூள், பட்டைத்தூள்னு ஆளுக்கொன்னு சொல்லுவாங்க, வைக்கறதுன்னா வச்சுக்கங்க, ஆனா காப்பாத்தறது காய வைக்கறதுதான். நிழல்ல, காத்து வர்ற எடத்துல, வெட்டு காஞ்சு பொருக்கு தட்டற வரைக்கும் விடுங்க. ஒரு வாரம் ஆகும், இந்த ஈரத்துல கூடவும் ஆகலாம். அப்புறம் சின்ன மண் தொட்டி, கழுவுன பெருமணல், பெர்லைட்டோ (வெள்ளையா லேசா இருக்குமே அந்தக் கல்லு) செங்கல் உடைச்சதோ, அதுல மூணுல ஒரு பங்குதான் மண்ணு. வேர் புடிக்கற வரைக்கும் ஊத்தாதீங்க, இலைலயே தண்ணி வச்சிருக்கும்.

மொட்டைமாடி_மதுரை:
அந்த வெள்ளை மாவுப்பூச்சியா இருக்கும்க்கா. குச்சியால நசுக்கிப் பாருங்க, பிசுபிசுன்னு ஈரமாச்சுன்னா பூச்சிதான். பஞ்சுக்குச்சிய ஸ்பிரிட்ல நனைச்சு ஒவ்வொன்னா தொட்டு எடுங்க, ஒரு வாரம் கழிச்சு மறுபடி பாருங்க, முட்டை மிச்சம் இருக்கும். வேப்பெண்ணெய் அடிச்சுட்டு வெயில்ல மட்டும் வச்சுராதீக, இலை பொசுங்கிரும். பழைய மண்ண வேற தொட்டில கொட்ட வேணாம், வேர்லயும் இந்தப் பூச்சி இருக்கும். அந்தக் கத்தாழையையும் ஒருவாட்டி பாத்துருங்க.

வேளச்சேரி_பால்கனி:
நசுக்கிப் பாத்தேன், பூச்சியேதான். குட்டில ரெண்டு வேர் இருக்கு, தனியா எடுத்தாச்சு. இன்னொன்னு, ஆன்லைன்ல சுருள் சுருளா ஒரு ஆலோ விதை வருதே, இது போச்சுன்னா அத வாங்கலாமா?

கள்ளிப்பித்தன்_கோவை:
அது ஆலோ பாலிபில்லாங்க, தெற்கு ஆப்பிரிக்கா பக்கம் லெசோதோ நாட்டு மலையில 2000 மீட்டருக்கு மேல குளிர்ல வளர்றது. சென்னைப் புழுக்கத்துக்குத் தாங்காது, விதைன்னு வர்றதுலயும் பாதி என்னன்னே தெரியாது. நீலம், ஊதான்னு படம் போட்டிருந்தா கண்டிப்பா டுபாக்கூர்தான். நம்ம ஊருக்கு ஹவொர்தியா, கேஸ்டீரியான்னு கத்தாழை மாதிரியே இருக்கற சின்னச் செடிங்க ரெண்டும் பால்கனில சத்தமில்லாம வளரும், அது வாங்குங்க. டைகர் ஆலோக்கும் கோடைல தண்ணிய நல்லா கொறச்சுடுங்க, அந்தச் சூட்டுல அது தூங்கற செடி.

வேளச்சேரி_பால்கனி:
சரிங்க. அந்த செராமிக் தொட்டிக்கு டிரில் போட்டா ஒடைஞ்சுடுமா?

மொட்டைமாடி_மதுரை:
டைல்ஸ் பிட்டு போட்டு, தண்ணி விட்டுக்கிட்டே மெதுவா போட்டா ஒடையாதுக்கா. ஹேமர் மோடு மட்டும் ஆஃப் பண்ணிருங்க.