ஏட்டில் ராயப்பனைத் தேடுகிறவர்களுக்கு

திரியைத் தொடங்கியவர்:
முதலாண்டு நினைவுப் பூசைக்கு அப்பாருவைப் (அப்பாவோட அப்பா) பற்றியோ அப்புச்சியைப் (அம்மாவோட அப்பா) பற்றியோ சின்னப் புத்தகம் போடலாம்னு நினைக்கிற குடும்பங்களுக்காக இந்தத் திரிங்க. "பக்திமான், பண்பாளர், ஜெபமாலையைக் கைவிடாதவர்"னு நாலு வரி எழுதி ஒரு போட்டோவை வெச்சா, அது எல்லா அப்பாருவுக்கும் பொருந்தும். அவரு மட்டும் எப்படி வாழ்ந்தாருங்கிறதுக்குச் சான்று கோயில்லயும் வீட்டுலயும் இருக்குது. எங்கே தேடறது, எதுல ஏமாறுவோம்னு தெரிஞ்சவங்க சொல்லுங்க.

கருமத்தம்பட்டி பக்கத்து உறுப்பினர்:
கோயில்ல இருக்கற ஞானஸ்நான ஏட்டுல இருந்து தொடங்குங்க. திருச்சபைச் சட்டப்படி உறுதிபூசுதல், கல்யாணம் ரெண்டையும் அந்த ஏட்டிலேயே குறிக்கணும். கல்யாணம் வேற பங்குல, அதாவது வேற கோயில் வட்டாரத்துல, நடந்திருந்தாலும் தகவல் ஞானஸ்நானம் வாங்கின பங்குக்கு வந்து சேரணும். அதனால ஓரக் குறிப்பை விட்டுறாம பாருங்க.

ரொம்பப் பேர் தடுமாறுற இடம் பேரு. கோவை 1850ல் தனி மறைப்பகுதியாகி, 1886ல் மறைமாவட்டமாச்சு, அதாவது ஒரு ஆயர் பொறுப்புல இருக்கற பகுதியாச்சு. அந்தக் காலத்துல இங்க இருந்தவங்க பாரிஸ் மிஷன்ங்கிற பிரெஞ்சு சபைக் குருக்கள். பழைய பதிவுகள்ல லத்தீன்தான் நிறைய. வீட்டுல ராயப்பன்னு கூப்பிட்டவரு ஏட்டுல பேத்ருஸ். சின்னப்பன் பவுலுஸ், சூசை யோசேப்புஸ், அருளப்பன் யோவான்னஸ், முடியப்பன் ஸ்தேபானுஸ், ஞானப்பிரகாசம் அலோசியுஸ். ஸ்தேபானுஸ்னா கிரேக்கத்துல முடி, அதாவது கிரீடம்; பவுலுஸ்னா லத்தீன்ல சின்னவர். இப்படி அர்த்தத்தைத் தமிழாக்கித்தான் நம்ம பெரியவங்க பல பேருகளை வெச்சாங்க. இது தெரியாம ஏட்டுல "ராயப்பன்"னு தேடிட்டு, பதிவே இல்லைன்னு திரும்பி வந்துடறாங்க.

அடுத்தது மாசம். எண் 7 போட்டு, பக்கத்துல "ப்ரிஸ்"னு சுருக்கி எழுதியிருந்தா அது ஜூலை இல்லைங்க, செப்டம்பர். செப்தெம்னா லத்தீன்ல ஏழு. அதே மாதிரி 8 அக்டோபர், 9 நவம்பர், 10 டிசம்பர். இதைத் தப்பாப் படிச்சு பிறந்த தேதியையே மாத்திக் கல்லறைக் கல்லுல வெட்டிட்டா, அப்புறம் திருத்தறது பெரும்பாடு. "நாத்துஸ்" பக்கத்துல இருக்கறது பிறந்த நாள், "பாப்திசாத்துஸ்" பக்கத்துல இருக்கறது ஞானஸ்நான நாள். "பாத்ரினுஸ்" தலைதொட்டப்பன், அதாவது ஞானத்தகப்பன். அந்தப் பேரைக் கண்டிப்பா எழுதிக்குங்க, விட்டுப்போன சொந்தம் பல சமயம் அதுலதான் பிடிபடும்.

கோபி பக்கத்து உறுப்பினர்:
ஊரு இன்னைக்கு எந்தப் பங்குல இருக்குன்னு பார்த்துட்டு நேரா அங்க போயிறாதீங்க. கிளைக் கோயிலா இருந்து பின்னால தனிப் பங்கான ஊருங்களோட பழைய ஏடு தாய்ப் பங்குலதான் இருக்கும். மறைமாவட்ட எல்லையும் மாறியிருக்குது. சேலம் 1930ல வந்தது, உதகை 1955ல மைசூர்ல இருந்து பிரிஞ்சது. ஞாயித்துக்கிழமை பங்குச் சாமியாருக்கு ஓயாத வேலை, அதனால வார நாள்ல சொல்லிட்டுப் போங்க. எந்த வருசம்னு அஞ்சு வருச வித்தியாசத்துக்குள்ள சொன்னாத்தான் தேடித் தர முடியும்.

வீட்டுல முக்கியமானது ஜெபப் புத்தகம். அதைப் பிரிச்சாலே அவரு கை எங்க பட்டதுன்னு தெரியும். தினமும் சொன்ன பிரார்த்தனைப் பக்கம் ஓரத்துல கறுத்திருக்கும், மெழுகு சொட்டியிருக்கும். பின்னட்டை உள்பக்கத்துல பென்சில்ல அப்பன் ஆத்தா இறந்த தேதி, நேர்ச்சைக் கணக்கு. நடுவுல ஒரு காஞ்ச குருத்தோலை. சுத்தம் பண்றேன்னு அந்த ஓலையை உருவிடாதீங்க, அது எந்தப் பக்கத்துல இருந்ததுங்கிறதுதான் சேதி. முதல்ல அப்படியே போட்டோ எடுங்க. ஜன்னல் வெளிச்சமே போதும், ஃபிளாஷ் வேண்டாம். கிழிஞ்ச பக்கத்துக்கு செல்லோ டேப் ஒட்டினா நாலஞ்சு வருசத்துல பழுப்பேறி எழுத்தையும் சேர்த்துத் தின்னுரும்.

தாராபுரம் பக்கத்து உறுப்பினர்:
ஆத்தாகிட்டயும் (அவரு சம்சாரம்) அத்தைமாருகிட்டயும் கேக்கறப்ப "அவரு பக்தி எப்படி?"ன்னு கேட்டா "நல்ல மனுசன் சாமி"ன்னு கண்ணைத் தொடைச்சுக்குவாங்க, அவ்வளவுதான். பொருளை வெச்சுக் கேளுங்க. ஜெபமாலைக்கு யாரு முன்மொழிவாங்க, மன்றாட்டுமாலையை யாரு படிப்பாங்க, மஞ்சக்காட்டு முதல் வெள்ளாமையில கோயிலுக்கு என்ன போகும்? வியாழக்கிழமை ஜெபமாலையில தியானிக்க என்ன தேவ இரகசியம் சொன்னாருன்னும் கேளுங்க. 2002ல இரண்டாம் ஜான் பால் ஒளியின் இரகசியங்களைச் சேர்த்து வியாழனுக்கு வெச்சாரு. அதுக்கு முன்னால வியாழன் சந்தோஷ இரகசியம். கடைசி வரைக்கும் பழைய முறையிலேயே சொன்னவங்க உண்டு. "பிரியதத்தத்தினாலே பூரண மரியாயே"ன்னு சொன்னாரா, "அருள் நிறைந்த மரியே"ன்னு சொன்னாரா? ஆத்தாவை ஜெபமாலையில ஒரு பத்துமணி சொல்லச் சொல்லி போன்ல பதிஞ்சு வெச்சுக்குங்க. அவரு வாய்ப்பாடம் ஆத்தா வாயில அப்படியே இருக்கும்.

கருமத்தம்பட்டி பக்கத்து உறுப்பினர்:
ஏழைகளுக்கு உதவற வின்சென்ட் தே பவுல் சபையிலயோ மரியாயின் சேனை மாதிரி கோயில் சபையிலயோ இருந்திருந்தா கூட்டக் குறிப்பேட்டைப் பார்க்க அனுமதி கேளுங்க. எந்தத் தேதியில யாரு வீட்டுக்குப் போனாருன்னு அதுல இருக்கும். உதவி வாங்கின குடும்பத்துப் பேரை மட்டும் புத்தகத்துல போடக் கூடாது. அவரும் உயிரோட இருந்தா அதைச் சொல்லியிருக்க மாட்டாரு.

"கோயிலைக் கட்டினவரே அவருதான்"னு குடும்பத்துல சொல்றதை விசாரிக்காம எழுதாதீங்க. கல்லு ஏத்தி வண்டி ஓட்டியிருப்பாரு. அதை அப்படியே எழுதினா அவருக்குக் குறைச்சல் இல்லை.

கோபி பக்கத்து உறுப்பினர்:
கல்லறை கட்டறவங்களுக்கு ஒண்ணு. முப்பதாம் நாளுக்குள்ள கிரானைட் பதிக்க அவசரப்படாதீங்க. ஐப்பசி கார்த்திகை மழை ஒண்ணு குடிச்சு மண் இறங்கட்டும். கரிசல்னா கட்டாயம், செம்மண்ணுலயே இறங்கும். அதுவரைக்கும் மரச்சிலுவை போதும். கல்லுல ஞானஸ்நானப் பேரும் வீட்டுல கூப்பிட்ட பேரும் ரெண்டும் வரணும். வெட்டறதுக்கு முன்னால பேரையும் தேதியையும் காகிதத்துல எழுதி, வீட்டுல மூத்த அத்தைகிட்ட ஒரு தடவை படிச்சுக் காட்டிருங்க.