"அவசியத்தை உணர்வதே சுதந்திரம்" என்றால் அடங்கிப்போவது என்று அர்த்தமா?

முகில்வாணன்:
ஏங்கெல்ஸின் 'டூரிங்குக்கு மறுப்பு' நூலில் முதல் பகுதி, 11ஆம் அத்தியாயத்தில் நிற்கிறேன். ஜெர்மன் தத்துவவாதி ஹெகலை முன்வைத்து, அவசியத்தை உணர்வதுதான் சுதந்திரம் என்கிறார் அவர். அப்படியானால் தன் காலில் சங்கிலி ஏன் விழுந்தது என்று நன்றாகவே தெரிந்த அடிமை சுதந்திர மனிதனா? இன்னொன்று, சோசலிசம் வரலாற்று அவசியம், எப்படியும் வந்தே தீரும் என்றால் சங்கம், கட்சி, வேலைநிறுத்தம் எல்லாம் எதற்கு? கடைசியாக, 'மூலதனம்' மூன்றாம் தொகுதி 48ஆம் அத்தியாயத்தில் பொருளுற்பத்தி என்றைக்கும் அவசிய மண்டலம்தான், அதாவது தேவைக்காக உழைத்தே தீர வேண்டிய பகுதிதான் என்கிறார் மார்க்ஸ். ஏங்கெல்ஸோ மனிதகுலம் அங்கிருந்து சுதந்திர மண்டலத்துக்கு ஒரே தாவாகத் தாவும் என்கிறார். இது முரண்பாடு இல்லையா? பொதுவான விளக்கம் நிறையப் படித்துவிட்டேன். எந்த நூலில் எந்த இடம் என்று சுட்டிச் சொன்னால் உதவியாக இருக்கும்.

கரிசல்:
முதல் கேள்விக்கு மட்டும் சொல்கிறேன் தோழர். அந்த ஒரு வரியோடு புத்தகத்தை மூடிவிடுவதால்தான் அடிமைச் சிக்கல் வருகிறது. அதே பத்தியில் கொஞ்சம் கீழே பாருங்கள். இயற்கை விதிகளுக்கு வெளியே நிற்பதாகக் கனவு காண்பதில் சுதந்திரம் இல்லை, அந்த விதிகளை அறிந்து அவற்றைத் திட்டமிட்டு நம் நோக்கத்துக்கு வேலை செய்ய வைப்பதில்தான் இருக்கிறது என்கிறார். அறிவது பாதி, கையாளுவது மீதி. அடிமைக்கு முதல் பாதி இருக்கலாம், இரண்டாம் பாதி இல்லை. அதனால் அவன் சுதந்திர மனிதன் அல்ல.

அதே நூலின் மூன்றாம் பகுதி, 2ஆம் அத்தியாயத்தில் இதற்கு அவரே உதாரணம் தருகிறார். புயல் மின்னலில் அழிக்கும் அதே மின்சாரம்தான் தந்தியிலும் வில்விளக்கிலும் நமக்கு வேலை செய்கிறது. விதி மாறவில்லை, நாம் அதன் எதிரே நிற்கும் நிலை மாறியிருக்கிறது.

இன்னொரு நுட்பமும் அதே பத்தியில் உண்டு, பலரும் தாண்டிப்போய்விடுவார்கள். விஷயம் தெரியாதவனுக்குத்தான் நாலு வழியும் திறந்திருப்பது போலத் தோன்றும். அந்தத் தோற்றமே அவன் சுதந்திரமாக இல்லை என்பதற்கு அடையாளம். எதை ஆள வேண்டுமோ அதுவே அவனை ஆள்கிறது. இது 17ஆம் நூற்றாண்டுத் தத்துவவாதி ஸ்பினோசா பக்கமிருந்து வரும் வாதம். எறியப்பட்ட கல்லுக்கு யோசிக்கத் தெரிந்தால், நானாகத்தான் பறக்கிறேன் என்று நினைத்துக்கொள்ளும் என்று 1674இல் ஒரு கடிதத்தில் எழுதினார் அவர்.

1964இல் மாவோ, ஏங்கெல்ஸ் பாதிதான் சொன்னார், உணர்வதோடு மாற்றவும் வேண்டும் என்று குறைபட்டுக்கொண்டார். எனக்கு அது நியாயமாகப் படவில்லை. மேலே சொன்ன வாக்கியத்தில் அந்த மறுபாதி இருக்கத்தான் செய்கிறது.

அச்சாணி:
இரண்டாவது கேள்வி பழைய கேள்வி. ருடால்ஃப் ஸ்டாம்லர் என்ற ஜெர்மன் சட்ட அறிஞர் இதையே கிண்டலாகக் கேட்டார். சந்திர கிரகணம் வந்தே தீரும் என்று தெரிந்த பிறகு, அதை வரவைக்க யாராவது கட்சி தொடங்குவார்களா? 1898இல், வரலாற்றில் தனிநபரின் பங்கு பற்றிய கட்டுரையில், ரஷ்ய மார்க்சியர் பிளெஹானவ் பதில் சொன்னார்: கிரகணத்துக்கான காரணங்களில் மனிதச் செயல் இல்லை; சமூக மாற்றத்துக்கான காரணங்களில் அது இருக்கிறது. என் செயலும் அந்தச் சங்கிலியில் ஒரு கண்ணி. அதைக் கழற்றிவிட்டு, சங்கிலி மட்டும் அப்படியே இருக்கும் என்று எதிர்பார்க்க முடியாது.

பதில் சரிதான், ஆனால் போதாது. வெற்றி உறுதி என்ற எண்ணத்தை அது தொடாமல் விட்டுவிடுகிறது. 'கம்யூனிஸ்ட் அறிக்கை' (1848) முதல் அத்தியாயத்தின் தொடக்கத்தைப் பாருங்கள். வர்க்கப் போராட்டம் சமுதாயம் முழுவதும் புரட்சிகரமாக மாறுவதில் முடியலாம், அல்லது மோதும் வர்க்கங்கள் சேர்ந்தே அழிவதிலும் முடியலாம் என்று இருக்கிறது. உத்தரவாதம் கொடுப்பவர் இப்படி எழுதமாட்டார்.

இங்கே 'அவசியம்' என்பதை இரண்டாகப் பிரித்தால்தான் தெளிவு வரும். ஒன்று இயற்கையின் அவசியம். அதைப் பயன்படுத்தலாம், ஒழிக்க முடியாது. மற்றது மனிதச் செயல்களிலிருந்தே உருவாகி, மனிதர்களுக்கு மேலே நின்று அவர்களை நெருக்குவது. 'மூலதனம்' முதல் தொகுதி, வேலைநாள் பற்றிய அத்தியாயத்தில் ஓர் அடிக்குறிப்பு உண்டு. 1863இல் ஸ்டாஃபோர்ட்ஷயரில் பெரிய மண்பாண்டத் தொழிற்சாலைகள் வைத்திருந்த 26 நிறுவனங்கள், வெட்ஜ்வுட் உட்பட, அரசுக்கு ஒரு மனு கொடுத்தன: சிறுவர்களின் வேலைநேரத்தைக் குறைக்கச் சட்டம் போடுங்கள், மற்ற முதலாளிகளோடு போட்டி இருப்பதால் நாங்களாகக் குறைக்க முடியவில்லை என்று. முதலாளி நல்லவரா கெட்டவரா என்பது இங்கே கணக்கிலேயே வராது. சந்தைப் போட்டி அவருக்கும் வெளியிலிருந்து நெருக்கும் விதி. இந்த வகை அவசியத்தை ஒழிக்க முடியும், ஏனென்றால் அது நம் உறவுகளால் ஆனது.

இரண்டையும் குழப்பினால் இரண்டு பக்கமும் அடி விழும். சந்தையைப் புவியீர்ப்பு போல நினைப்பது ஒரு தவறு. இயற்கை விதியை மன உறுதியால் மீறலாம் என்று நினைப்பது மறுபக்கத் தவறு, அதற்கு 1958 சீனாவைப் பாருங்கள். முந்தைய ஆண்டின் எஃகு உற்பத்தியை ஒரே ஆண்டில் இரட்டிப்பாக்கி 1 கோடியே 7 லட்சம் டன்னாக்க வேண்டும் என்று கொல்லைப்புற உலைகள் எழுப்பினார்கள். நல்ல கற்கரி இல்லை, போதிய வெப்பம் இல்லை, கந்தகத்தை நீக்க வழி இல்லை. வீட்டுச் சட்டியும் கலப்பையும் உருகி, உதவாத கட்டியாகத்தான் வந்தன. உலையடிக்கு ஆட்கள் போனதால் வயலில் அறுவடை அழுகியது. உலோகத்துக்கு மன உறுதி புரியாது.

முகில்வாணன்:
இரண்டாகப் பிரித்தது நன்றாக இருக்கிறது. அப்படியானால் மூன்றாவது கேள்விக்கும் அதுவேதான் பதிலா?

நூலிழை:
பெரும்பாலும் அதுதான். ஏங்கெல்ஸின் தாவல் இரண்டாம் வகை அவசியத்தைப் பற்றியது. உற்பத்திச் சாதனங்களைச் சமூகம் கையில் எடுத்தால், இதுவரை மனிதர்களை ஆண்ட அவர்களுடைய சமூக விதிகள் அவர்கள் கட்டுப்பாட்டுக்குள் வரும் என்கிறார். 48ஆம் அத்தியாயம் முதல் வகையைப் பற்றியது. ஒன்றுசேர்ந்த உற்பத்தியாளர்கள், இயற்கையோடு தங்களுக்குள்ள கொடுக்கல் வாங்கலை அறிவோடு ஒழுங்குபடுத்துவார்கள், மிகக் குறைந்த உழைப்பில், மனித மாண்புக்குத் தக்க நிலையில் செய்வார்கள். அப்போதும் அது அவசிய மண்டலம்தான். அதைத் தாண்டித்தான், தனக்குத்தானே குறிக்கோளான மனித ஆற்றலின் வளர்ச்சி தொடங்குகிறது. அந்தப் பத்தி முடிவதோ வேலைநாளைக் குறைப்பதே அடிப்படை நிபந்தனை என்ற சின்ன வாக்கியத்தில். தத்துவத்தை மணிக்கணக்கில் கொண்டுவந்து நிறுத்துகிறார் என்பதுதான் அந்தப் பக்கத்தின் பலம்.

ஆனால் மணியை மட்டும் எண்ணினாலும் ஏமாறலாம். பிரிட்டனில் 1847இல் வந்த பத்து மணிநேரச் சட்டம் 1848 மே 1 முதல் முழுமையாக அமலானது. ஆனால் 1833 சட்டப்படி ஆலையின் வேலைநாள் காலை 5.30 முதல் இரவு 8.30 வரை, அதாவது 15 மணிநேரம். ஆலைக்காரர்கள் என்ன செய்தார்கள்? பத்து மணிநேரத்தைத் துண்டுதுண்டாக்கி அந்த 15 மணிநேரத்துக்குள் சிதறவிட்டார்கள். கொஞ்ச நேரம் வேலை, பிறகு வெளியே நில், மறுபடி வேறு கூட்டத்தோடு உள்ளே வா. தாளில் பத்து மணி, நாள் முழுக்க ஆலைவாசல். யார் எப்போது உள்ளே இருந்தார் என்று ஆய்வாளர்களாலும் சரிபார்க்க முடியவில்லை. ஓய்வு நேரம் கட்டாயச் சோம்பல் நேரமாகிவிட்டது என்று மார்க்ஸ் எழுதுகிறார். 1850 சட்டம்தான் பெண்களுக்கும் இளையோருக்கும் காலை 6 முதல் மாலை 6 என்று வரம்பைக் கட்டி, நடுவே ஒன்றரை மணிநேரம் உணவு இடைவேளை கொடுத்தது. விலை, வார நாட்களில் பத்து மணி பத்தரையானது. நேரம் தொடர்ச்சியாக இருக்க வேண்டும், தொழிலாளியின் பிடியிலும் இருக்க வேண்டும். துண்டாய்க் கிடக்கும் நேரம் சுதந்திர மண்டலம் ஆகாது.

மறுபக்கம்:
எல்லோரும் ஒரு கேள்வியைச் சுற்றிச் சுற்றிப் போகிறீர்கள். அவசியம் இதுதான் என்று அறிவிப்பது யார்? 1940 ஜூன் 26 சோவியத் ஆணையைப் பாருங்கள். ஏழு மணிநேர நாள் எட்டானது. அனுமதி இல்லாமல் வேலையை விட்டால் 2 முதல் 4 மாதம் சிறை. போர் நெருங்குகிறது, ஆகவே அவசியம் என்பதுதான் காரணம். போர் வந்தது என்பதும் உண்மை. ஆனால் அந்த ஆணை நீக்கப்பட்டது 1956இல்தான், போர் முடிந்து 11 ஆண்டு கழித்து! பிரிட்டிஷ் தத்துவவாதி ஐசையா பெர்லின் 1958இல் எச்சரித்தது இதைத்தான்: உன் 'உண்மையான' விருப்பம் உன்னைவிட எனக்குத் தெரியும் என்று ஒருவர் சொல்ல ஆரம்பித்தால், கட்டாயமும் சுதந்திரம் என்ற பெயரில் வரும்.

நூலிழை:
ஆணையைப் பற்றி மறுக்க ஒன்றுமில்லை. 48ஆம் அத்தியாயத்தின் அளவுகோலை வைத்தால் அது பின்னடைவுதான். ஆனால் அங்கே ஒழுங்குபடுத்துவது 'ஒன்றுசேர்ந்த உற்பத்தியாளர்கள்'. அவர்களுக்காக அறிந்துகொள்ளும் இன்னொருவர் அந்தப் பத்தியில் இல்லை. அந்த எழுவாயை மாற்றாமல் 1940 ஆணையை அதிலிருந்து வருவிக்க முடியாது. அவர்கள் எந்த அமைப்பின் வழியாக முடிவெடுப்பார்கள் என்று அங்கே மார்க்ஸ் சொல்லவில்லை என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். அந்த ஓட்டை பெரியதுதான்.

கரிசல்:
முகில்வாணனுக்கு ஒரு சேர்க்கை. 48ஐ மட்டும் படித்தால், வேலை என்றாலே சுதந்திரத்துக்கு வெளியே என்று தோன்றிவிடும். 1857-58 கையெழுத்துப்படியான 'குருண்ட்ரிஸ்ஸே'யில் மார்க்ஸ் வேறு மாதிரி பேசுகிறார். உழைப்பு என்றால் தியாகம் என்ற ஆடம் ஸ்மித்தை மறுத்து, தடைகளைத் தாண்டுவதே விடுதலைச் செயல் என்கிறார். பிரெஞ்சுக் கற்பனாவாத சோசலிஸ்ட் ஃபூரியே நினைத்தது போல அது வெறும் விளையாட்டும் ஆகாது, இசையமைப்பது போன்ற சுதந்திர உழைப்பு கடும் உழைப்பும்கூட என்கிறார். ஜெர்மன் தொழிலாளர் கட்சியின் வேலைத்திட்டத்தைப் பற்றி மார்க்ஸ் எழுதிய 'கோத்தா வேலைத்திட்டம் பற்றிய விமர்சனம்' (1875) இன்னும் ஒரு படி போய், உழைப்பே வாழ்வின் முதல் தேவையாகும் என்கிறது. மூன்றாம் தொகுதி 1894இல் வெளிவந்ததால் 48தான் கடைசி வார்த்தை என்று வாதிடுபவர்கள் உண்டு. கவனம்: அதன் மூலக் கையெழுத்துப்படி 1864-65ஐச் சேர்ந்தது. கோத்தா விமர்சனம் அதற்குப் பத்து ஆண்டு பிந்தியது.