கார்பல் டனலுக்கு அல்ட்ராசவுண்ட்: ஒரே கையில ஆளுக்கு ஒரு அளவு வருது, என்ன பண்றது?

பிசியோ_திருப்பூர்:
வணக்கம்ங்க, எம்பிடி (பிசியோதெரபி முதுகலை) படிக்கறேன், கார்பல் டனல், அதாவது மணிக்கட்டுல இருக்கற குறுகலான பாதைக்குள்ள மீடியன் நரம்பு நசுங்கற பிரச்சனையைப் பத்தி தீசிஸுக்கு பனியன் கம்பெனி டெய்லருங்க மணிக்கட்டை அல்ட்ராசவுண்ட்ல பார்க்கலாம்னு இருக்கேன். ராத்திரி கை மரத்துப்போய் எந்திரிச்சு உதறிட்டு படுக்கறவங்க இங்க நிறைய, ஆனா ஷாக் வெச்சு பண்ற நரம்பு டெஸ்ட்னா வர பயப்படறாங்க, அதான் ஸ்கேன். இப்ப சிக்கல் என்னன்னா ஒரே கையில மீடியன் நரம்போட குறுக்குவெட்டுப் பரப்பு எனக்கு 12 சதுர மி.மீ வருது, கூட இருக்கற ரேடியாலஜி பிஜி டாக்டருக்கு 9 வருது. பேப்பர்லயும் ஒருத்தர் 9ங்கறாங்க இன்னொருத்தர் 10, 12ங்கறாங்க. எந்த அளவைத் தாண்டினா கார்பல் டனல்னு கட்-ஆஃபா வெக்கறதுங்க?

ஸ்கேன்ரூம்:
கட்-ஆஃப் அப்புறம், முதல்ல ரெண்டு பேரும் ஒரே இடத்துலதான் அளக்கறீங்களா? டனலோட வாசல்ல, சுண்டுவிரல் பக்கம் மணிக்கட்டுல இருக்கற பிசிஃபார்ம் எலும்பு தெரியற லெவல்ல நிறுத்துங்க. நரம்பு நசுங்கறது டனலுக்கு கூரை மாதிரி இருக்கற லிகமெண்டுக்கு அடியில, வீங்கறது அதுக்கு கொஞ்சம் முன்னாடி, அதனால புரோப் (தோல் மேல வெக்கற ஸ்கேன் கருவி) கொஞ்சம் நகந்தாலே அளவு மாறிடும். இன்னொண்ணு, நரம்பைச் சுத்தி வெள்ளையா ஒரு விளிம்பு தெரியும்ல, அதுக்கு உள்பக்கமா டிரேஸ் பண்ணணும், ஒருத்தர் உள்ள ஒருத்தர் வெளியனு வரைஞ்சா உங்க 9-12 வித்தியாசத்துல பாதி அங்கயே இருக்கும். புரோப் நேரா நிக்கணும், ஜெல் நிறைய போட்டு அழுத்தாம வைங்க. எது நரம்புனு சந்தேகம் வந்தா புரோப்பை லேசா சாய்ங்க, பக்கத்துல இருக்கற டெண்டன்லாம் சட்டுனு கறுத்துடும், நரம்பு அவ்வளவா மாறாது. சிலருக்கு நரம்பு ரெண்டா பிரிஞ்சிருக்கும், அப்ப ரெண்டையும் அளந்து கூட்டணும்.

நியூரோ_மதுரை:
மேல சொன்னது அத்தனையும் சரி. கட்-ஆஃப் பத்தி என் கருத்து, ஒரே நம்பரை மட்டும் நம்பாதீங்க. ஆள் பெருசா இருந்தா நரம்பும் பெருசா இருக்கும், சுகர் இருக்கறவங்களுக்கு கார்பல் டனல் இல்லாமலே தடிச்சிருக்கலாம். அதனால அதே ஆளோட முன்கையிலயும் அளங்க. மணிக்கட்டு மடிப்புலருந்து 12 செ.மீ மேல அளந்து, மணிக்கட்டு அளவை அதால வகுத்துப் பார்த்து 1.4க்கு மேல வந்தா சந்தேகப்படற முறை ஒண்ணு இருக்கு, மணிக்கட்டுக்கு கொஞ்சம் மேல இருக்கற புரோனேட்டர் குவாட்ரேட்டஸ் தசை லெவல்ல அளந்து, மணிக்கட்டு அளவுலருந்து அதைக் கழிச்சு 2 சதுர மி.மீ வித்தியாசம் பார்க்கற முறையும் இருக்கு. எதுவானாலும் ஸ்டடி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே எழுதி வெச்சுடுங்க, டேட்டாவைப் பார்த்துட்டு தேர்ந்தெடுத்தா எல்லாமே நல்லாத்தான் தெரியும். அளக்கறவருக்கு யாருக்கு மரத்துப்போகுதுனு தெரியவே கூடாது.

ஆனா ஒண்ணு தம்பி, ஸ்கேன் காட்டறது நரம்போட உருவத்தை, அது எப்படி வேலை செய்யுதுனு நீங்க சொன்ன ஷாக் டெஸ்ட், அதாவது கண்டக்ஷன் டெஸ்ட்தான் சொல்லும். கொஞ்சம் பேருக்காவது பேசி புரியவெச்சு அதையும் பண்ணுங்க, இல்லன்னா நீங்க எண்ணினது வீங்கின நரம்பைத்தான், நோயை இல்ல.

பிசியோ_திருப்பூர்:
ரொம்ப நன்றிங்க டாக்டர், விளிம்பு விஷயம்தான்னு நெனைக்கறேன், நான் வெளிப்பக்கமாத்தான் வரையறேன். போர்ட்டபிள் மிஷினை கம்பெனிக்கே எடுத்துட்டு போய் பார்க்கலாமாங்க? லீவு போட்டு வந்தா பாவம் அவங்களுக்கு கூலி போகுது.

ஸ்கேன்ரூம்:
வேண்டாம்ங்க. மணிக்கட்டுக்குனாலும் அல்ட்ராசவுண்ட் மிஷின் கருவுல ஆணா பொண்ணானு பார்க்கறதைத் தடுக்கற 1994 பிசிபிஎன்டிடி சட்டத்துக்குள்ளதான் வருது, பதிவு பண்ணின இடத்தை விட்டு நினைச்சபடி வெளிய கொண்டுபோக முடியாது. ஞாயித்துக்கிழமை சென்டர்லயே ஸ்லாட் கேளுங்க, வந்துபோற பஸ் காசை ஸ்டடி பட்ஜெட்ல போட்டு எதிக்ஸ் கமிட்டிக்கு எழுதுங்க.