சைகோனில் ஒரே ஒரு பகல், ஆளுக்கு 5 லட்சம் டாங்: எப்படிச் சுற்றுவது?

முதுகுப்பை
வணக்கம் நண்பர்களே. ஜூலையில் வியட்நாமின் ஹோ சி மின் சிட்டிக்கு (பழைய பெயர் சைகோன்) காலை 7 மணிக்கு வந்திறங்குகிறோம். அன்று இரவே டா லாட்டுக்கு ஸ்லீப்பர் பஸ். இடையில் ஒரு பகல்தான் இருக்கிறது. இரண்டு பேர், அதில் ஒருவர் முட்டைகூடத் தொடாத சைவம். பஸ் டிக்கெட் தவிர்த்து ஆளுக்கு 5 லட்சம் டாங் (வியட்நாம் பணம்) ஒதுக்கியிருக்கிறோம். கேள்விகள்: ஊருக்கு வெளியே உள்ள கூ சி போர்க்காலச் சுரங்கத்தையும் இதே நாளில் சேர்க்கலாமா? பையை எங்கே வைப்பது? எந்த வரிசையில் பார்த்தால் வெயிலிலும் மழையிலும் மாட்டாமல் இருக்கலாம்?

தென்திசை
முதலில் கூ சியை விட்டுடுங்க. டவுன் பஸ்ஸில் போனா 13-ஆம் நம்பர், அப்புறம் 79-ன்னு மாறணும். போக இரண்டு மணி நேரத்துக்கு மேல, திரும்ப அதே அளவு. பகல் முழுக்க அதிலேயே கரைஞ்சிடும். ஊருக்குள்ளேயே பாருங்க. பார்க்க வேண்டியதெல்லாம் நடக்கிற தூரத்தில்தான் இருக்கு.

தான் சோன் நியத் விமான நிலையத்திலிருந்து 109-ஆம் நம்பர் பஸ், மஞ்சள் நிறம், ஏசி. 15,000 டாங். பேக்பேக்கர்கள் தங்குற ஃபாம் நூ லாவ் தெருவிலேயே இறங்கிக்கலாம். நெரிசலைப் பொறுத்து 40 நிமிஷத்திலிருந்து ஒரு மணி நேரம் வரை ஆகும். உள்ளே கூப்பிடுற டாக்ஸிக்காரங்க பக்கம் திரும்பவே வேண்டாம். பையை அந்தத் தெருவில் உள்ள ஹாஸ்டல்களில் 30,000 முதல் 50,000 டாங் கொடுத்து வைக்கலாம். இரவு பஸ் டிக்கெட் வாங்கின அலுவலகத்திலேயே கேட்டுப் பாருங்க, பல இடத்தில் சும்மாவே வச்சுக்குவாங்க. பாஸ்போர்ட்டும் பணமும் மட்டும் எப்பவும் உங்ககிட்டேயே இருக்கணும்.

வரிசைக்கு விதி ஒண்ணுதான்: சீக்கிரம் மூடுற இடத்தை முதலில் பாருங்க, கூரை உள்ள இடத்தை மத்தியானத்துக்கு வைங்க. ஜூலையில் மழை பெரும்பாலும் மத்தியானத்துக்கு மேலதான் கொட்டும். ஒரு மணி நேரம் அடிச்சு ஊத்திட்டு நின்னுடும்.

காலையில் பென் தான் மார்க்கெட் (1914-ல் திறந்தது) வாசலிலிருந்து ஐந்து நிமிஷ நடையில் ட்ருவோங் டின் தெரு, மாரியம்மன் கோயில். 19-ஆம் நூற்றாண்டின் கடைசியில் நம்ம தமிழர்கள் எழுப்பினது. இன்னைக்கு அங்கே கும்பிட வர்றவங்க பெரும்பாலும் வியட்நாமியர்களும் சீன வம்சாவளியினரும்தான். ஊதுபத்தியை ஏத்திட்டு, கருவறைச் சுவரில் நெத்தியை வச்சு மெதுவா முணுமுணுத்து வேண்டிக்குவாங்க. இதை நின்னு பார்க்கணும். வாசலில் பூவும் பத்தியும் தட்டில் வச்சுக் கையில் திணிப்பாங்க. விலை கேட்காம வாங்காதீங்க.

அங்கிருந்து சுதந்திர மாளிகை, பழைய தெற்கு வியட்நாம் அதிபரோட மாளிகை. டிக்கெட் 40,000, கண்காட்சியையும் சேர்த்தா கூடும். மதியம் 3:30-க்கு டிக்கெட் கொடுக்கிறதை நிறுத்திடுவாங்க, அதனால்தான் இதைக் காலையில் வைக்கச் சொல்றேன். தாவ் டான் பூங்கா பக்கம் இருப்பது மாளிகையின் முதுகு. அங்கே உள்ளே விடமாட்டாங்க. நாம் கீ கோய் நியா சாலைக்குச் சுத்தி வரணும். 1966-ல் கட்டி முடிச்ச கட்டடம். 1975 ஏப்ரல் 30 அன்று வட வியட்நாம் டாங்கிகள் இடிச்சுக்கிட்டு உள்ளே வந்த வாசல் இதுதான். மேல் மாடியில் நேரத்தைச் செலவழிக்காம நேரா அடித்தளத்துக்கு இறங்குங்க: சுவர் நிறைய வரைபடங்கள், பழைய ரேடியோ பெட்டிகள், வரிசையா தொலைபேசிகள். அந்தக் குறுகலான தாழ்வாரத்தில் நடந்தாலே போர்க்காலம் புரியும்.

சாப்பாட்டுக்குப் பிறகு போர் எச்சங்கள் அருங்காட்சியகம், வோ வான் தன் தெரு, 40,000 டாங், 7:30 முதல் 5:30 வரை. மாளிகையிலிருந்து பத்து நிமிஷ நடை. மேல் தளத்தில் ஆரம்பிச்சுக் கீழே வாங்க. போரில் உயிர் விட்ட புகைப்படக்காரர்களின் படங்கள் மேலேதான் இருக்கு, கால் ஓய்ஞ்ச பிறகு ஏறினா அதுக்கு நியாயம் செய்ய முடியாது. போரில் அமெரிக்கப் படை தூவின ‘ஏஜென்ட் ஆரஞ்சு’ ரசாயனத்தின் பாதிப்பைக் காட்டுற அறை ரொம்பக் கனமானது. கூட வர்றவங்ககிட்ட முன்னாடியே சொல்லிடுங்க. குறைஞ்சது ஒன்றரை மணி நேரம் வேணும்.

பிறகு மத்திய தபால் நிலையம், கட்டணம் இல்லை. 1886-க்கும் 1891-க்கும் இடையில் கட்டினது. பாரிஸ் ஈஃபில் கோபுரத்துக்காரர் ஈஃபில் கட்டினார்னு வழிகாட்டிகள் சொல்றது சரியில்லை. உள்ளே நுழைஞ்சதும் இரு பக்கச் சுவரிலும் பாருங்க, கையால் வரைஞ்ச பழைய வரைபடங்கள். ஒண்ணு 1892-ன் சைகோன், மத்தது தந்திக் கம்பித் தடங்கள். எதிரே உள்ள தேவாலயத்தில் 2017-ல் சீரமைப்பு வேலை ஆரம்பிச்சாங்க, வெளியிலிருந்து பார்த்தாலே போதும். பக்கத்துப் புத்தகத் தெருவில் நிழலில் உட்காரலாம்.

சோறும்சாலையும்
சைவத்துக்கு ஒரே சொல்லை நினைவில் வையுங்கள்: ‘சாய்’. பௌத்த மரபுச் சைவம் அது. பலகையில் ‘கோம் சாய்’ என்றிருந்தால் சைவச் சோறு, ‘ஹூ தியூ சாய்’ என்றால் சைவ நூடுல்ஸ் சூப். சாதாரண சாய் கடையில் தட்டு 30,000 முதல் 50,000 டாங்குக்குள் முடியும். இறைச்சித் துண்டு போலவே தட்டில் கிடப்பது சோயா அல்லது கோதுமைப் புரதம், பதற வேண்டாம். முட்டை விஷயம் கடைக்குக் கடை மாறும். ‘ட்ரூங்’ என்றால் முட்டை, அதை மட்டும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சாதாரண கடையில் ‘காய்கறி மட்டும்’ என்று சொல்லி வாங்குவதில்தான் எல்லாரும் ஏமாறுகிறார்கள். கீரை வதக்கலிலும் மீன் சாறு, அதாவது ‘நுவோக் மாம்’, விழும். சூப் எலும்பில் கொதித்தது. பான் மி ரொட்டியில் கேட்காமலே ஈரல் பூச்சைத் தடவிவிடுவார்கள். வாயால் சொன்னால் ஏற்ற இறக்கம் தவறி வேறு பொருளாகிவிடும். ‘நான் சாய் சாப்பிடுபவர், மீன் சாறு, இறைச்சி, முட்டை வேண்டாம்’ என்று வியட்நாமிய மொழியில் போனில் எழுதிவைத்துத் திரையைக் காட்டுங்கள். சந்திர நாள்காட்டியின் 1, 15 தேதிகளில் நிறையப் பேர் சாய் சாப்பிடுவதால் அன்று கடைகள் கூடுதல், கூட்டமும் கூடுதல்.

காலையில் நடைபாதைக் கடையில் காஃபே சுவா டா குடியுங்கள், 20,000 டாங். அடியில் தேங்கிய கெட்டிப்பாலை நன்றாகக் கலக்கிவிட்டுத்தான் ஐஸில் ஊற்ற வேண்டும். இல்லையென்றால் மேலே கசப்பு, அடியில் பாகு.

நோட்டுக்கட்டு
பணத்தைப் பற்றி யாரும் சொல்லவில்லை. முதல் நாளில் பெரும்பாலோர் இழப்பது இங்கேதான். 20,000 நோட்டும் 500,000 நோட்டும் இரண்டுமே நீலம், இரண்டிலும் ஹோ சி மின் முகம். மங்கலான வெளிச்சத்தில் மாற்றிக் கொடுத்தால் 25 மடங்கு போய்விடும். இரண்டையும் ஒன்றின்மேல் ஒன்று வைத்துப் பாருங்கள், ஐந்து லட்சம் நோட்டு ஒன்றரை சென்டிமீட்டருக்கு மேல் நீளம். திருப்பினால் 20,000-ல் ஹோய் ஆன் ஜப்பானியப் பாலம் இருக்கும். பர்ஸில் லட்ச நோட்டுகள் ஒரு அறை, மற்றவை வேறு அறை என்று பிரித்துவிடுங்கள்.

விலை சொல்லும்போது மூன்று பூஜ்யத்தை விழுங்கிவிடுவார்கள். ‘ஐம்பது’ என்றால் 50,000. சந்தேகம் வந்தால் கால்குலேட்டரில் அடித்துக் காட்டச் சொல்லுங்கள். ரூபாயை அங்கே மாற்றுவது நட்டம், மடங்காத, கிழியாத டாலர் நோட்டுகளாகக் கொண்டுபோங்கள்.

ஒரு ஆளுக்கு என் கணக்கு, ஆயிரத்தில்: பஸ் 15, பை 40, காபி 20, காலை ரொட்டி 25, மாளிகை 40, அருங்காட்சியகம் 40, மதியம் 50, தண்ணீரும் கரும்புச்சாறும் 20, படகு 30, இரவு உணவு 60, கிராப் பைக் (செயலியில் கூப்பிடும் பைக் டாக்ஸி) இரண்டு முறை 50. ஆக 390. மிச்சம் 1,10,000, மழைக்கோட்டு அதில் அடங்கிவிடும். கிராப் செயலியை ஊரிலிருந்தே ஓடிபி போட்டுப் பதிவு செய்துவிட்டுக் கிளம்புங்கள். அங்கே சிம் மாற்றிய பிறகு ஓடிபி வராது.

முதுகுப்பை
மிக்க நன்றி. படகு என்று 30 போட்டிருக்கிறீர்களே, அது என்ன? டா லாட் பஸ் ஃபாம் நூ லாவிலேயே ஏற்றிக்கொள்ளுமா?

தென்திசை
படகு சைகோன் வாட்டர்பஸ், பாக் டாங் துறையிலிருந்து கிளம்பும். ஒரு வழிக்கு 15,000. மாலை 4:30 வாக்கில் ஏறுங்க, தான் டா வரைக்கும் போயிட்டுத் திரும்பலாம். ஆத்து மேலிருந்து 461 மீட்டர் உயரமான லேண்ட்மார்க் 81 கட்டடம் தெரியும். போக, வர இரண்டு டிக்கெட்டையும் சேர்த்தே வாங்கிடுங்க. சனி, ஞாயிறு அஸ்தமன நேரத்துக்கு இடம் தீர்ந்துடும், திரும்புற படகில் இடமில்லாம மாட்டிக்கிறது சகஜம். துறைக்குப் போற வழியில் தோன் தத் தியெப் தெருவில் நகரத்தார் கட்டின தெண்டாயுதபாணி கோயில். கதவு திறந்திருந்தா உள்ளே போயிட்டு வாங்க.

பஸ் விஷயம் முக்கியம். 2023 ஜனவரியிலிருந்து காலை 6 முதல் இரவு 10 வரை ஸ்லீப்பர் பஸ்கள் ஊர் மையத்துக்குள் வரத் தடை. அலுவலகம் ஃபாம் நூ லாவில் இருக்கும், பஸ் அங்கே வராது. சின்ன வேனில் ஏத்திக்கிட்டு வெளியில் உள்ள நிலையத்துக்குக் கொண்டுபோவாங்க. டிக்கெட்டில் போட்டிருக்கிற நேரம் வேனுக்கா பஸ்ஸுக்கான்னு கேட்டுக்குங்க. ஒரு மணி நேரம் முன்னாடியே அங்கே இருங்க.

சோறும்சாலையும்
முகவரி குழப்பமும் வரும். 2025 ஜூலை 1 முதல் மாவட்டங்களை நீக்கிவிட்டார்கள். புதிய முகவரியில் வார்டு பெயர் மட்டும் இருக்கும், ஊர்க்காரர்கள் இன்னும் ‘குவான் 1’ (மாவட்டம் 1) என்றே சொல்கிறார்கள். வரைபடத்தில் தெருப் பெயரும் எண்ணும் போட்டுத் தேடுங்கள்.

சாலை கடக்கும்போது கையை லேசாகத் தாழ்த்திக் காட்டி ஒரே சீரான நடையில் போய்க்கொண்டே இருங்கள். பைக்காரர் உங்கள் வேகத்தைக் கணக்கிட்டுத்தான் ஒதுங்குகிறார், நடுவில் நின்றாலோ பின்வாங்கினாலோ அந்தக் கணக்கு தப்பும். பஸ், லாரி வந்தால் மட்டும் அது போகட்டும் என்று காத்திருங்கள். சாலையோரம் நின்று போனை நீட்டிப் படம் எடுக்காதீர்கள், பைக்கில் வந்து பறித்துக்கொண்டு போவது அங்கே அடிக்கடி நடக்கிறது. வழி பார்க்க வேண்டுமென்றால் கடை வாசலுக்குள் ஏறி நின்று பாருங்கள்.