புதுப்பிப்பு: மீன் கழிவுப் புரதத்தின் கசப்பு குறைந்தது

மீன் தலை, எலும்பு, குடலை என்சைம் போட்டுக் கரைத்துப் புரதம் எடுப்பது பற்றி முன்பு எழுதியிருந்தேன் இல்லையா, அதில் பலரும் கேட்டது கசப்பைப் பற்றித்தான். புரதம் உடையும்போது உள்ளே மறைந்திருந்த, தண்ணீரோடு ஒட்டாத அமினோ அமிலங்கள் சிறு பெப்டைடுகளில் (சில அமினோ அமிலங்கள் கோர்த்த சிறு புரதத் துண்டுகளில்) வெளியே தெரிய ஆரம்பிக்கின்றன, நாக்கில் கசப்பது அவைதான். இந்த முறை புரதத்தை உடைக்கும் அல்கலேஸ் என்ற என்சைமுக்கு அப்புறம் ஃபிளேவர்சைம் என்ற இன்னொரு என்சைமும் சேர்த்தேன். அது பெப்டைடின் நுனியிலிருந்து அமினோ அமிலங்களை ஒவ்வொன்றாக வெட்டி எடுப்பதால் கசப்பு நன்றாகவே குறைந்துவிட்டது.

வேலை முடிந்ததும் 90 டிகிரிக்கு ஏற்றி 10 நிமிடம் வையுங்கள், இல்லையென்றால் என்சைம் வெட்டிக்கொண்டே போகும். பிறகு சுழற்றிப் பிரித்தால் மேலே எண்ணெய், நடுவில் புரதக் கரைசல், அடியில் எலும்பும் கரையாததும். நடுவில் உள்ள கரைசலில் எண்ணெய் கொஞ்சம் தங்கினாலும், அதை உலர்த்தி எடுக்கும் பொடியில் நாளடைவில் காறல் வாடை வரும், எண்ணெயை மட்டும் முழுவதும் நீக்க மறந்துவிடாதீர்கள்.