சூலேயிலிருந்து காளி கோயில்: பத்து நிமிஷமா?

பிரேசர்தெரு: "பழைய ரங்கூனை இரண்டு மணி நேரத்தில் நடந்து முடிக்கலாம், சூலே பகோடாவிலிருந்து காளி கோயில் பத்தே நிமிஷம்" என்று நேற்று படகுத்துறை என்ற பெயரில் ஒருவர் எழுதியதை நம்பி யாரும் கிளம்பாதீர்கள். அனோரட்டா சாலை நடைபாதையில் பாதிக்கு மேல் கடை. மிச்சம் இருப்பது சாக்கடை மூடிய கல். ஓரத்தில் கால் வைத்தால் ஆடும். மழைத் தண்ணீர் நின்றால் கல்லுக்கும் கல்லுக்கும் நடுவே உள்ள பிளவு தெரியாது. இருபது நிமிஷம்.

படகுத்துறை: அண்ணே, ஒரு கிலோமீட்டர்கூட இல்லை. பத்து நிமிஷம்தான். கூட்டமென்றால் மகாபந்தூலா சாலையிலேயே மேற்கே நடந்து 26ஆம் தெருவில் வடக்கே திரும்பலாம். தெரு எண் இறங்கிக்கொண்டே வந்தால் மேற்கு. இதையும் நான்தான் சொல்லணுமா?

பிரேசர்தெரு: தெயின்ஜி சந்தைக் கூட்டத்துக்குள்ளேயா? பத்து நிமிஷத்திலா? நல்ல வழி!

மொகல்தெரு: 1871இல் நம் ஆட்கள் கட்டிய கோயிலுக்கு இப்படி ஓடினால் மொகல் தெருவை யார் பார்ப்பது? செட்டியார்கள் வட்டிக்கடை வைத்திருந்த தெரு அது. அங்கே நின்று பார்க்கவே அரை மணி வேண்டும்.

கமாயுட்: இன்னும் என்ன மொகல் தெரு? இப்போது பலகையில் ஷ்வேபொந்தா தெரு. டாக்சிக்காரரிடம் டல்ஹவுசி தெரு என்று பழைய பெயரைச் சொல்லிப் பாருங்கள், அவருக்குப் புரியாது.

பிரேசர்தெரு: தம்பி, பழைய பெயர் தெரியாதவர் பழைய வரைபடத்தை எப்படிப் படிப்பார்? டல்ஹவுசி இன்று மகாபந்தூலா, பிரேசர் அனோரட்டா, மான்ட்கோமரி போஜோ சாலை. 1850களில் சூலேயை நடுவில் வைத்துப் போட்ட கட்டம் இது. இந்தச் சாலைகள்தான் எண் தெருக்களை கீழ், நடு, மேல் பிளாக்காக வெட்டுகின்றன. பிளாக்கைக் கேட்காமல் போனால் ஒரு பிளாக் நீளம் வீண் நடை. அடுத்தது சாலை கடப்பது. 1970 முதல் இங்கே வண்டி வலப்பக்கம் ஓடுகிறது. தமிழ்நாட்டிலிருந்து வருகிறவர் பழக்கத்தில் வலப்பக்கம் பார்த்துக் கால் வைக்கிறார், வண்டியோ இடப்பக்கத்திலிருந்து வருகிறது. இதையெல்லாம் பார்த்து நடந்தால் பத்து நிமிஷமா?

படகுத்துறை: நிற்பதை நடையில் சேர்க்காதீர்கள். நடை பத்து நிமிஷம். செக்ரடேரியட்டிலிருந்து (பழைய தலைமைச் செயலகம்) பன்சோடான் தெரு வழியாக ஸ்ட்ராண்ட் ஓட்டலுக்கு நான் போட்ட பாதையையும் இப்படித்தான் கெடுத்தீர்கள்.

பிரேசர்தெரு: அது இன்றைக்கும் தப்புதான். காலையில் பன்சோடானில் மேற்கு ஓரமாக நடக்கச் சொன்னீர்கள். முழு வெயில் அங்கேதான். கிழக்கு ஓரம் நிழல், எதிர்வரிசைக் கட்டடங்களின் முகப்பு வெளிச்சத்தில் முழுசாகத் தெரியும். நிழல் எந்தப் பக்கம் விழும் என்று தெரியாதவர் நிமிஷக் கணக்குச் சொல்கிறார்!

மொகல்தெரு: சூலேயிலும் கோயிலிலும் செருப்பு கழற்றணும், சூலேயில் காலுறையும் கூடாது. கயிறு கட்டும் ஷூ போட்டவருக்கு அதற்கே நேரம் போகும். ரப்பர் செருப்பு, கையில் ஒரு பை. இதை இருவருமே எழுதவில்லை.

கமாயுட்: ஷ்வேபொந்தா என்று எழுதுங்கள் அக்கா.

படகுத்துறை: செருப்பு கழற்றுவதும் நடையா? பத்து நிமிஷம்.

பிரேசர்தெரு: மழை நாளில் இருபத்தைந்து.