புதுப்பிப்பு: வேளச்சேரியில் வீடு, திருட்டு பயம் பற்றிக் கேட்டிருந்தேனே

அம்மா தனியாக இருக்க வேளச்சேரியில் வீடு பார்க்கிறோம், அந்தப் பக்கம் திருட்டு, செயின் பறிப்பு எல்லாம் எப்படி என்று கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி, வீடு அமைந்துவிட்டது.

தேசியக் குற்ற ஆவணக் காப்பக அறிக்கை உதவவில்லை. அதில் சென்னைக்கு மொத்தமாகத்தான் கணக்கு, தெருவாரியாக எதுவும் கிடையாது. கைகொடுத்தது, ராத்திரி 10 மணிக்குமேல் நடந்து பாருங்கள், அயர்ன் வண்டிக்காரரிடம் கேளுங்கள் என்று ஒருவர் சொன்ன யோசனைதான். எந்த முனையில் செயின் அறுத்தார்கள் என்பதுவரை அந்த வண்டிக்காரர் சொல்லிவிட்டார். எதிர்பாராதது என்னவென்றால், கேமரா இருந்தும் அந்த முனையில் விளக்கு எரியவில்லை. மாநகராட்சிப் புகார் எண் 1913-க்குச் சொன்னோம், இப்போது எரிகிறது.

அப்புறம், வெளியூர் போகும்போது ஸ்டேஷனில் எழுதிக் கொடுத்தால் பூட்டிய வீட்டை ரோந்தில் வந்து பார்க்கிறார்கள்.